பொன்னாடை யாருக்கு? எல்லையோரச் சபை ஒன்றின் பாட்டுக்காரர்களைக் கௌரவிப்பது பற்றி

எல்லைத் தபால்காரன் கேட்டது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் இருக்கும் ஒரு சிறிய சபையைச் சேர்ந்தவன் நான். முகவரி கேரளம், மீன் வாங்குவது தமிழ்நாடு. அஞ்சல் துறையில் முப்பத்தாறு ஆண்டுகள் வீடு வீடாகக் கடிதம் கொடுத்து ஓய்வு பெற்றேன். பாட்டைப் பொறுத்தவரை என் தகுதி கைத்தாளம் மட்டுமே. அதிலும் போகப் போக வேகத்தைக் கூட்டிவிடுகிறேன் என்று வீட்டில் புகார் உண்டு.

விஷயத்துக்கு வருகிறேன். வரும் பிப்ரவரியில் எங்கள் சபைநாள். ‘சபையின் இசை ஊழியத்தில் பங்காற்றியோரைக் கௌரவிப்பது’ என்று கமிட்டியில் தீர்மானம் போட்டார்கள். நல்ல தீர்மானம்தான், நானும் கை தூக்கினேன். இரண்டு வாரம் கழித்துப் பட்டியல் வந்தது. பதினொரு பெயர்கள். நால்வர் இங்கே பணியாற்றிப் போன ஆயர்கள். இருவர் வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பிக் கீபோர்டும் ஒலிபெருக்கியும் வாங்கித் தந்தவர்கள். ஒருவர் தொலைக்காட்சியில் பாடுகிறவர். எங்கள் சபையில் ஒரே ஒரு முறை, அதுவும் பதிவு செய்த இசையை ஓடவிட்டுப் பாடியிருக்கிறார். மற்றவர்கள் முன்னாள் செயலாளர், முன்னாள் பொருளாளர் வகையறா. ஆயர்கள்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் அந்த நால்வரில் ஒருவர் பாட்டை எடுத்துக் கொடுத்தால் ஆர்கன்காரர் அவருடைய சுருதியைத் தேடிக் கட்டை கட்டையாகப் போய்க்கொண்டே இருப்பார். இசைக்காக என்று சொல்லி அவருக்குப் பொன்னாடை போர்த்தினால் அவரே சிரித்துவிடுவார்.

என் மனதில் இருப்பவர்கள் இரண்டு பேர். இருவரும் இப்போது இல்லை. இருவர் பெயரும் சபையின் எந்தப் பதிவேட்டிலும், ஞானஸ்நானப் புத்தகத்தையும் அடக்கப் புத்தகத்தையும் தவிர, இல்லை.

முதலாமவர் எங்கள் மிதி ஆர்கனை வாசித்த தையற்காரர். ஐந்து கோடு போட்ட மேல்நாட்டுச் சுரத்தாள் அவருக்கு வாசிக்க வராது. ஸோல்ஃபா வரும். எங்கள் பகுதியின் பழைய ஆட்களுக்கு இதை விளக்க வேண்டாம்; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டோ, ரே, மீ, ஃபா என்ற சுரங்களின் முதலெழுத்துகளையும் புள்ளி, முக்கால்புள்ளி போன்ற குறிகளையும் மட்டும் வைத்து நான்கு குரலுக்கும் பாட்டை எழுதிவிடும் முறை அது. இங்கிலாந்தில் ஜான் கர்வன் என்பவர் பரப்பியது. லண்டன் மிஷன்காரர்கள் போன பல இடங்களுக்கும் கூடவே போனது. தனி அச்சு வேண்டாம், சாதாரண எழுத்துக்கோப்பே போதும் என்பதால் ஏழைச் சபைக்குக் கட்டுப்படியானது. தையற்காரர் ஸோல்ஃபா எழுதிய சீட்டைக் கடைச் சுவரில் அளவு நாடாவுக்குப் பக்கத்தில் குண்டூசி குத்தி வைத்திருப்பார். சட்டை தைத்துக்கொண்டே அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பாட்டை முனகுவார். ‘மேலே கைக்குத்தான் வேலை வேறு, கீழே இருப்பது இயந்திரமா ஆர்கனா என்று காலுக்குத் தெரியாது’ என்று சொல்வார். கிறிஸ்துமஸுக்கு முந்தின பத்து நாளும் கேரல் குழுவோடு இரவு முழுவதும் சுற்றுவார். அந்தப் பத்து நாள்தான் தையற்கடைக்கு வருமானம் வரும் காலம் என்பதை நினைத்துப் பாருங்கள். எனக்கே ஒரு வருடம் பண்டிகைச் சட்டை ஜனவரி மூன்றாம் தேதிதான் கிடைத்தது.

இரண்டாமவர் என் பெரியம்மா. இங்கேதான் எனக்குச் சங்கடம்.

மாநிலங்களை மொழிவாரியாகப் பிரித்த 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது, அதோடு நாங்களும் நின்றோம். ஆராதனை மொழி ஒரே நாளில் மாறிவிடவில்லை. முதலில் மாதத்தில் ஒரு ஞாயிறு மலையாளம், பிறகு இரண்டு. பிறகு பிள்ளைகள் பள்ளியில் மலையாளம் படித்து வளர்ந்ததும் தமிழ்தான் மாதத்தில் ஒரு ஞாயிறு என்று ஆயிற்று. பெரியம்மா படித்தது தமிழில் ஐந்தாம் வகுப்பு. மலையாளம் சரளமாகப் பேசுவார், எழுத்து தெரியாது. பின்னால் பாயில் உட்காரும் பெண்கள் எல்லோருக்கும் அதே நிலைமைதான். அதுவரை கோயில் அதிரப் பாடிக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று வாயை மூடிக்கொண்டார்கள். புதுப் பாட்டுப் புத்தகத்தைக் கையில் பிடித்திருப்பார்கள், அவ்வளவுதான்.

பெரியம்மா பள்ளிக்கூடம் போகும் ஒரு சிறுமியைச் சாயங்காலங்களில் பக்கத்தில் உட்காரவைத்து, மலையாளப் பாட்டை வாசிக்கச் சொல்லி, கேட்டதைத் தமிழ் எழுத்தில் நீள நோட்டில் எழுதினார். கூலி, அவித்த மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) பால் இல்லாத கட்டன்சாயாவும். ஒரு நோட்டு முடிந்ததும் அதைப் பார்த்து இன்னொன்று எழுதி அடுத்த வீட்டுக்குக் கொடுத்தார். எத்தனை எழுதினார் என்று தெரியாது. கரையான் தின்றது போக என்னிடம் இருப்பவை ஏழு. பின்வரிசை மறுபடியும் பாடத் தொடங்கியது இந்த நோட்டுகளால்தான். நான் சிறுவனாக அந்தப் பாயில் உட்கார்ந்து கேட்டவன்.

அவர் ஒரு வரிகூடச் சொந்தமாக இயற்றவில்லை. மேடை ஏறிப் பாடியதும் இல்லை. எழுதியவருமில்லை, பாடியவருமில்லை, வாசித்தவருமில்லை என்றால் எந்தத் தலைப்பில் கௌரவிப்பது என்று செயலாளர் கேட்கிறார். அதோடு, என் வீட்டு ஆளை நானே முன்மொழிவது முறையா என்ற கூச்சம் எனக்கு. உங்கள் சபைகளில் இப்படிப்பட்டவர்களை எப்படிக் கௌரவித்தீர்கள்? அந்த நோட்டுகளிலிருந்து ஒரு சிறு புத்தகம் அச்சிடலாம் என்ற எண்ணமும் இருக்கிறது. அதில் சட்டச் சிக்கல் ஏதும் உண்டா?

---

குழித்துறை ஹார்மோனியம்:

தபால்கார அண்ணனுக்கு வணக்கம். பட்டியலைப் பற்றி நீங்கள் சொன்னதெல்லாம் சரி. பொன்னாடையை மட்டும் கொஞ்சம் இளக்காரமாகப் பேசுகிறீர்களோ என்று தோன்றியது, அதனால் எழுதுகிறேன்.

என் அப்பா நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஹார்மோனியம் வாசித்தார். கல்யாணம், கன்வென்ஷன், வீட்டு ஜெபம், அடக்கம் எதையும் விட்டதில்லை. சம்பளம் கிடையாது. அடக்க வீடுகளில் சாப்பாடும் கிடையாது, அது உங்களுக்கே தெரியும். ஒரே ஒரு முறை கன்வென்ஷன் பந்தலில் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். மட்டமான ஜரிகை, ஒரு தரம் தண்ணீர் பட்டால் சாயம் போகும். அம்மா அதை ரசகற்பூர உருண்டை போட்டு இரும்பு அலமாரியில் வைத்திருந்தார். அப்பா போனபோது பெட்டியின்மேல் அதைத்தான் விரித்தோம். வேறு எதையும் விரிக்க அம்மா சம்மதிக்கவில்லை. ஆகவே துணி மட்டம் என்று விட்டுவிடாதீர்கள். எந்தத் தோளில் விழுகிறது என்பதை மட்டும் கேளுங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் சொன்ன இருவரும் இறந்தவர்கள். உயிரோடு இருப்பவர் ஒருவரும் உங்கள் மனதில் இல்லையா? மிதி ஆர்கன் என்றால் எலி துருத்தியைக் கடிக்கும், மழைக்காலத்தில் கட்டைகள் ஊறி எழும்பாது. உங்கள் ஆர்கனின் துருத்தியை யார் ஒட்டினார்? தையற்காரர் இறந்த பிறகு அடுத்த ஞாயிறு யார் போய் உட்கார்ந்தார்? அந்த ஆள் இன்னும் எங்கேயாவது இருப்பார், உங்களுக்குத்தான் வீடு தெரியுமே.

---

நெய்யாற்றின்கரை ஆசிரியை:

நான் மலையாள ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், வீட்டில் தமிழ். இந்த இழையை இரண்டு முறை வாசித்தேன்.

செயலாளர் கேட்ட ‘எந்தத் தலைப்பில்’ என்ற கேள்விக்கு எங்கள் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. மோசவத்சலம் சாஸ்திரிகளை உங்கள் கமிட்டியில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1847-ல் பிறந்து 1916-ல் மறைந்தவர். நெய்யாற்றின்கரையை அடுத்த திருப்புறம் அவருடைய ஊர். உங்கள் ஊரிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். கேரளத்தில் பல சபைகளிலும் பாடும் மலையாளக் கிறிஸ்தவக் கீர்த்தனைகளில் பல அவர் இயற்றியவை. மலையாளத்தில் கர்நாடக இராகங்களில் கிறிஸ்தவக் கீர்த்தனை இயற்றிய முன்னோடிகளில் ஒருவர். லண்டன் மிஷனின் தமிழ்ச் சூழலில் வளர்ந்தவர் என்பதால் தமிழ்க் கீர்த்தனையின் நடை அவர் பாட்டுகளில் கேட்கும். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று அமைந்த அந்த உடலை நான் வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன்.

எதிர்த்திசையிலும் ஆட்கள் வந்தார்கள். ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடிய எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) திருநெல்வேலிச் சீமைக்காரர். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் சில காலம் தமிழ் கற்பித்தார். நம் பகுதி அடக்கங்களில் தவறாமல் பாடும் ‘சமயமாம் ரதத்தில்’ பாட்டை எழுதியவரோ ஜெர்மனியிலிருந்து வந்து மலையாளம் கற்ற வால்பிரீட் நாகல் (1867–1921). மொழி தாண்டிப் பாட்டைக் கொண்டுவந்து சேர்ப்பவர்கள் என்று ஒரு வரிசை இங்கே இருக்கிறது. உங்கள் பெரியம்மா அந்த வரிசையின் கடைசிப் படியில் நிற்கிறார் என்று செயலாளரிடம் சொல்லுங்கள். கடைசிப் படி என்பது தாழ்வாகச் சொன்னதல்ல. அங்கேதான் பாட்டு வாய்க்குப் போய்ச் சேருகிறது.

இனி ஆசிரியைக்கே உரிய நச்சரிப்பு. தமிழில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்துதான். மலையாளத்தில் நான்கு நான்கு. பழத்தையும் வலிமையையும் குறிக்கும் இரண்டு மலையாளச் சொற்களும் தமிழ் எழுத்தில் ‘பலம்’ என்றுதான் விழும். ‘ஆத்மாவின் பலம்’ என்று நோட்டில் இருந்தால் அது கனியா வலிமையா? பெரியம்மா இதற்கு ஏதாவது வழி செய்திருக்கிறாரா என்று பார்த்துச் சொல்லுங்கள். அச்சிடுவதற்கு முன் இது முக்கியம்.

---

எல்லைத் தபால்காரன்:

ஆசிரியை அவர்களுக்கு நன்றி. உங்கள் மறுமொழியை வாசித்த உடனே மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டுகளோடு உட்கார்ந்துவிட்டேன். சாப்பாடு ஆறிவிட்டது.

அழுத்தி ஒலிக்க வேண்டிய எழுத்தின் அடியில் ஒரு புள்ளி வைத்திருக்கிறார். ‘தைவம்’ என்று எழுதித் தகரத்தின் கீழே புள்ளி. முதல் நோட்டில் புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கின்றன. மூன்றாவது நோட்டுக்கு வரும்போது ஒழுங்காகிவிட்டது. யாரும் சொல்லிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. ‘பலம்’ விஷயம்தான் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டது. கனி என்ற பொருள் வரும் இடத்தில் அந்தச் சொல்லின் தலைமேல் சின்னதாக ஒரு மாங்காய் வரைந்திருக்கிறார். காம்போடு. வலிமை வரும் இடத்தில் ஒன்றும் இல்லை, வெறும் புள்ளி. ஏழு நோட்டிலும் சேர்த்து ஒன்பது மாங்காய் எண்ணினேன். சின்ன வயதில் இதைப் பார்த்திருக்கிறேன். சும்மா பொழுதுபோக்குக்கு வரைந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

குழித்துறைத் தம்பிக்கு: நீங்கள் சொன்னது குத்தியது, ஆனால் நியாயம். துருத்தியை ஒட்டியவர் செருப்புத் தைப்பவர் ஒருவர். எங்கள் சபையைச் சேர்ந்தவர்கூட அல்ல. வருடத்துக்கு ஒருமுறை ஆட்டுத்தோலும் பசையும் கொண்டுவந்து கோயில் திண்ணையில் உட்கார்ந்து வேலை பார்ப்பார். உள்ளே கூப்பிட்டால் ‘வேலை வெளியேதானே’ என்பார். அவரும் போய்விட்டார். மகன் களியக்காவிளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பைகளுக்கு ஜிப் மாற்றும் கடை வைத்திருக்கிறார். தையற்காரருக்குப் பின் ஆர்கனில் உட்கார்ந்தது அவருடைய மருமகள். ஆறு ஆண்டு வாசித்தார், கீபோர்டு வந்ததும் எழுந்துவிட்டார். எழுந்தார் என்றா சொன்னேன்? எழுப்பிவிட்டார்கள். இப்போது கொயரில் (பாடகர் குழுவில்) மூன்றாம் வரிசையில் நிற்கிறார். இத்தனை வருடமாக அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், நீங்கள் கேட்கும்வரை ஞாபகம் வரவில்லை. அந்தக் கமிட்டியைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி என்று இரவில் யோசித்தேன்.

---

பின்வரிசைப் பேரன்:

எனக்கு வயது 24. பெரியவர்கள் பேசும் இடத்தில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் சபையில் கதை தலைகீழ். வெள்ளறடைப் பக்கம் இருக்கிறோம். எனக்கு மலையாள எழுத்துதான் படித்த எழுத்து. தமிழ் கேட்டால் புரியும், இதைக்கூட இரண்டு ஆண்டுகளாக முயன்று கற்றுக்கொண்டுதான் எழுதுகிறேன். தமிழ்க் கீர்த்தனைகளை எங்கள் கொயர் மலையாள எழுத்தில் எழுதித்தான் பாடுகிறது.

அதில் ஒரு வேடிக்கை உண்டு. தமிழில் ‘பாவம்’ என்றால் குற்றம். மலையாளத்தில் அதற்குப் ‘பாபம்’ என்று சொல்ல வேண்டும். ‘பாவம்’ என்றால் ஐயோ பாவம், அப்பாவி என்று பொருள். நான் பதினான்கு வயதுவரை ‘என் பாவம்’ என்று வரும் இடங்களில் எல்லாம், ஆண்டவரே, நான் எவ்வளவு பரிதாபமானவன் பாருங்கள் என்று பாடுகிறார்கள் என்றே நினைத்து உருகியிருக்கிறேன். என் பாட்டா (தாத்தா) சிரித்துவிட்டுச் சொன்னார், ‘இரண்டும் உண்மைதான், பாடு.’

தபால்கார மாமா, மாங்காய் இருக்கும் பக்கத்தைப் படம் எடுத்துப் போட முடியுமா?

---

தென்காசி வாசகர்:

இந்தப் பக்க எல்லையிலிருந்து ஒரு குரல். கிறிஸ்தவ இசைக்காரர்களைக் கௌரவிப்பதைப் பற்றிப் பேசும்போது ஆபிரகாம் பண்டிதரை விட்டுவிட்டீர்களே. 1859-ல் சாம்பவர் வடகரையில் பிறந்தவர். சித்த மருந்து விற்றுச் சம்பாதித்த பணத்தை இசை ஆராய்ச்சியில் போட்டார். 1912 முதல் தஞ்சாவூரில் தம் செலவில் இசை மாநாடுகள் கூட்டினார். 1917-ல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்டார். கிறிஸ்தவக் கீர்த்தனைகளும் இயற்றியிருக்கிறார். உங்கள் விழா மேடையில் அவர் படத்தை வைக்கலாமே.

---

எல்லைத் தபால்காரன்:

தென்காசி நண்பருக்கு: பண்டிதர் பெயரைக் கேட்டாலே எழுந்து நிற்க வேண்டும், மறுப்பில்லை. ஆனால் அவர் படத்தை வைத்தால் மேடையில் இருக்கும் எல்லோருக்கும் நிம்மதியாகிவிடும். மூன்றாம் வரிசை அக்காவைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை. திருப்புறத்துச் சாஸ்திரிகளின் படத்தைப் பற்றியும் அதே பயம்தான் எனக்கு. அவர் பாட்டு ஒன்றைப் பாடிவிட்டு நம் ஆட்களைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணுகிறேன்.

மாங்காய்ப் படம் போடுகிறேன் தம்பி. என் மகன் வரட்டும், எனக்கு இந்தக் கைப்பேசியில் எழுதவே மூச்சு வாங்குகிறது.

---

அச்சுக்கூடம்:

நாகர்கோவிலில் சபைகளுக்கு மலர், பாட்டுப் புத்தகம், அடக்க ஒழுங்கு எல்லாம் அச்சடித்துக் கொடுப்பவன். சட்டச் சிக்கல் பற்றிக் கேட்டீர்கள், யாரும் பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டினது. ஒருவர் தம் வாழ்நாளில் வெளியிட்ட பாட்டுக்கு அவர் இறந்த பிறகு அறுபது ஆண்டுகள் உரிமை உண்டு. இறந்த தேதியிலிருந்து கணக்கில்லை, இறந்ததற்கு அடுத்த ஆண்டு ஜனவரியிலிருந்து கணக்கு. ஆகவே 1916-ல் மறைந்த மோசவத்சலம், 1921-ல் மறைந்த நாகல், 1945-ல் மறைந்த மலையாளப் பாட்டாசிரியர் சாது கொச்சுகுஞ்ஞு உபதேசி ஆகியோர் பாட்டுகளைத் தாராளமாக அச்சிடலாம். பிற்காலத்தவர் பாட்டு என்றால் குடும்பத்தாரிடமோ வெளியிட்டவர்களிடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள். சபைப் புத்தகம், இலவசம் என்று கேட்டால் பெரும்பாலும் தந்துவிடுவார்கள். ஆராதனையில் பாடுவதற்கு அனுமதி வேண்டியதில்லை, உண்மையான மதச் சடங்கில் பாடுவதைச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. அச்சடிப்பதும் யூடியூபில் ஏற்றுவதும் வேறு. அங்கேதான் பல சபைகள் மாட்டிக்கொள்கின்றன. பழைய பாட்டுக்கு யாராவது புதிதாக மெட்டுப் போட்டிருந்தால் அந்த மெட்டுக்குத் தனி உரிமை உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி தொழில் பேச்சு. நோட்டுகளை அப்படியே படம் பிடித்து இடப் பக்கத்தில் போடுங்கள், வலப் பக்கத்தில் மலையாள எழுத்தில் சரியான பாட்டு. தட்டச்சு செய்து அழகாக்கினால் அடிப்புள்ளியும் மாங்காயும் போய்விடும். மாங்காய்க்கு என்னிடம் அச்செழுத்து இல்லை. ஒவ்வொரு பாட்டின் கீழும் இயற்றியவர் பெயரைப் போடுங்கள். சபைப் பாட்டுப் புத்தகங்களில் நான் காணும் பெரிய குறை இதுதான்: பாட்டுக்கு எண் இருக்கும், இராகம் இருக்கும், தாளம் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். மதுரையில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-ல் கீர்த்தனைப் புத்தகம் கொண்டுவந்தபோது, கீர்த்தனைகள் பல இயற்றிய வேதநாயக சாஸ்திரியார் தஞ்சாவூரில் உயிரோடு இருந்தார். அப்படிப்பட்ட காலத்துப் பாட்டையே இன்று பலர் ‘பழைய பாட்டு’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள்.

அழைப்பிதழ் அச்சாகிவிட்டதா? இல்லையென்றால் பட்டியலை மாற்ற இன்னும் நேரம் இருக்கிறது.

---

எல்லைத் தபால்காரன்:

மூன்று வாரமாக எழுதவில்லை, மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. பதினொரு பெயரும் அதில் இருக்கின்றன, நீக்க முடியாது என்று செயலாளர் கையை விரித்தார். நானும் சண்டைக்குப் போகவில்லை. ‘நீக்க வேண்டாம், சேர்க்கலாமே’ என்றேன். தையற்காரரின் மருமகள் பெயரைச் சொன்னதும் கூட்டத்தில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. கீபோர்டு வாங்கித் தந்தவர்களில் ஒருவருடைய தகப்பனாரும் கமிட்டியில் இருக்கிறார். அவர்தான் முதலில் ‘ஆமாம், அந்தப் பிள்ளையிடம் அன்று நாம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்’ என்றார். சேர்த்துக்கொண்டார்கள். ஜிப் கடைக்காரரைக் கூப்பிடுவதற்கும் சம்மதம். எங்கள் சபையார் அல்லவே என்று ஒருவர் இழுத்தார். ‘ஆர்கனுக்கு அது தெரியாமல் இத்தனை வருடம் பாடிவிட்டதே’ என்று மூதாட்டி ஒருவர் சொன்னதும் அடங்கினார்.

பெரியம்மா விஷயத்தை நானாகத் தொடவில்லை. ஆசிரியை எழுதியதை அப்படியே தாளில் எடுத்து வாசித்தேன். அதனால் என் கூச்சம் பாதி தீர்ந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. நோட்டைப் புரட்டும்போதெல்லாம் அந்தச் சிறுமியின் நினைப்பு வந்துகொண்டே இருந்தது. பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டிய பிள்ளை. பெயர் தெரியும், கல்யாணமாகிப் போன ஊரும் தெரியும். நானே ஒரு காலத்தில் அந்த வீட்டுக்குப் பதிவுத் தபால் கொடுத்திருக்கிறேன். போனேன். இப்போது எழுபது வயதைத் தாண்டியவர், முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு திண்ணையில் இருந்தார். நோட்டைக் கையில் கொடுத்ததும் முதலில் மோந்து பார்த்தார்.

பிறகு சிரிக்கத் தொடங்கினார். நிற்கவே இல்லை. ‘தம்பி, நான் அப்போது நாலாம் வகுப்பு. இந்தப் பாட்டுப் புத்தகம் எனக்கு எங்கே முழுதாக வாசிக்க வந்தது?’ என்றார். 1971-ல் மலையாள எழுத்தைச் சீர்திருத்துவதற்கு முந்தின அச்சு அது. கூட்டெழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்து பந்து பந்தாக இருக்கும். தெரியாது என்று சொன்னால் மரச்சீனி நின்றுவிடும் என்ற பயம். ஆகவே வாசிக்க வராத இடத்தில் எல்லாம், தாளத்துக்குச் சரியாக வருகிற மாதிரி, ‘கர்த்தாவே கர்த்தாவே’ என்று போட்டுச் சொல்லியிருக்கிறார். பெரியம்மா அதையும் பக்தியோடு எழுதிக்கொண்டார், தகரத்தின் அடியில் எங்கே புள்ளி என்று யோசித்து யோசித்து.

எனக்குத் தலை சுற்றியது. சிறுவயதில் பாயில் உட்கார்ந்து கேட்டதெல்லாம் ஞாபகம் வந்தது. முன்வரிசை ஆண்கள் பாட்டின் வரியைப் பாடும்போது பின்வரிசைப் பெண்கள் மட்டும் நடுநடுவே கர்த்தாவே கர்த்தாவே என்பார்கள். பெண்களுக்குத்தான் பக்தி அதிகம், அதனால் இடையில் தாங்களாகவே அழைக்கிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன். தையற்காரர்கூட அந்த இடங்களில் ஆர்கனைக் கொஞ்சம் தணித்துக்கொள்வார், அவர்கள் குரல் கேட்கட்டும் என்று.

ஆசிரியை அவர்களே, நோட்டுகளைச் சரிபார்த்து இருபத்தாறு இடங்களில் இதைக் கண்டுபிடித்திருக்கிறேன். வலப் பக்கம் சரியான பாட்டு, இடப் பக்கம் நோட்டு என்று அச்சுக்கூடம் நண்பர் சொன்னபடியே செய்யலாம், வித்தியாசம் எல்லோருக்கும் தெரிந்துவிடும். தெரியட்டும் என்கிறார் அந்த அக்கா. செயலாளர் யோசிக்கிறார். இரண்டு எழுத்தும் வாசிக்கத் தெரிந்த ஒருவர் மெய்ப்புப் பார்த்துத் தந்தால் நல்லது. வெள்ளறடைத் தம்பி கற்றுக்கொண்ட தமிழுக்கு இது ஒரு வேலை, முன்வருவாரா?

மேடைக்கு வாருங்கள், பொன்னாடை உண்டு என்று அக்காவை அழைத்தேன். முழங்காலைக் காட்டினார், படி ஏற முடியாதாம். ‘பொன்னாடை இருக்கட்டும். இந்த ஒரு நோட்டை இரண்டு நாள் வைத்துக்கொள்ளட்டுமா?’ என்று கேட்டார். கொடுத்துவிட்டு வந்தேன். அது முடிந்து பதினாறு நாள் ஆகிறது. அச்சுக்கூடம் நண்பர் கோபிக்க வேண்டாம், மற்ற ஆறு நோட்டையும் நாளை மகன் படம் எடுத்து அனுப்புவான்.